ஏரியில் சோதித்த ஸ்பீக்கர்

எங்கள் ஊரில் ஒரு ஸ்பீக்கர் நல்லதா கெட்டதா என்று கரையில் நின்று யாரும் சொல்லமாட்டார்கள். படகில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். எங்கள் தோணிரேவில் அம்மன் திருவிழாவுக்கு மைக்செட் வாடகை பேச வருகிறவர் முதலில் ஏரிக்கரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஒரு பாட்டைப் போடவேண்டும். எங்கள் நைனா படகில் நின்றபடி ஏரிக்குள் போய்க்கொண்டே இருப்பார். நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. பாட்டு எந்த இடத்தில் காதில் விழாமல் போகிறதோ, அங்கே தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் தூக்குவார். யாருடைய செட்டுக்குத் துண்டு அதிக தூரத்தில் தூக்கப்பட்டதோ அவருக்குத்தான் வெற்றிலை பாக்கு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நண்டு பிடிக்கிறவனுக்கும் சாமி பாட்டு கேட்கவேண்டும் அல்லவா, நியாயம்தானே.

பனிக்காலத்தில் சோதனை வைத்தால் இன்னொரு அளவும் உண்டு. திட்டில் மேய்கிற பூநாரைகள் கூட்டமாக எழும்பினால் செட்டு பிரமாதம் என்று அர்த்தம். ஒரு வருடம் அப்படி எழும்பியதும், பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை ஆள் பைக்கில் வந்து எல்லோரையும் திட்டிவிட்டுப் போனார். அதை நாங்கள் அந்த செட்டுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டோம்.

கடந்த சில வருடங்களாக எந்த செட்டைப் போட்டாலும் நைனாவுக்குத் திருப்தி இல்லை. துண்டு வரவர கரைக்குப் பக்கத்திலேயே மேலே போனது. "சத்தம் பத்தல" என்பார். உடனே இரண்டு குழாய் நாலாகும். மறு வருடம் நாலு எட்டாகும். போன திருவிழாவில் கோயிலுக்குப் பக்கத்து வீடுகளில் ஓடு கழன்றது. எதிர்க்கரை ஊர்க்காரர்கள், "ஒங்க திருவிழாவுக்கு நாங்க வரவே வேணாம், அதுவே எங்க வூட்டுக்கு வந்துடுது" என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் பெருமை வேறு.

எங்கள் ஊரில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். காற்று, எஞ்சின், ஏலம் என்று வளர்ந்த தொண்டைகள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உப்பு கேட்பதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் வெட்டுக்குத்து என்று நினைப்பார்கள். என் தொண்டையும் அப்படித்தான், கோபம் வந்தால் இன்னும் மோசம், கோபம் அடிக்கடி வரும். இந்த ஊரிலேயே மெல்லப் பேசுகிற ஒரே ஜீவன் எங்கள் அம்மா. திட்டுவதைக்கூட முணுமுணு என்றுதான் திட்டுவாள். அவள் காக்காயை விரட்டினால் காக்காய் அருகில் வந்து தலையைச் சாய்த்துக் கேட்கும்.

இந்த அம்மா ஒருநாள் என்னிடம் வந்து, "நான் ஆரம்பாக்கம் போறேன். சின்னம்மா வூட்லயே இருந்துக்கறேன்" என்றாள். சின்னம்மா அவளுடைய தங்கை. நான் முதலில் விளையாட்டு என்று நினைத்தேன்.

"ஒங்க நைனா என்கிட்ட பேசறதே இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. நான் பேசினா மூஞ்ச பாத்துகினு தலைய ஆட்டறாரு. இல்லனா எழுந்து போயிடறாரு. ஊர்ல அல்லாருகிட்டயும் பேசறாரு. நான்தான் ஆவாதவளா பூட்டேன்."

"அவர்கிட்டயே கேளேன்."

"கேக்கலியா? ஆரம்பாக்கம் போறேன், திரும்ப வரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அதுக்கும் தலைய ஆட்டினாரு. சந்தோசமா ஆட்டினாரு."

இதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய் நைனாவிடம் நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து உட்காரவைத்தாள். கேட்டு வாங்குகிற பேச்சு எனக்கு வேண்டாம் என்றாள். அவள் சொன்னதும் சரிதான் என்று பட்டது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எந்த வேலை செய்தாலும் அம்மா போய்விடுவாளே என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இப்போது என் ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டுடியோ என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், ஊரில் அதற்குப் பெயர் வலை ரூம். வீட்டின் பின்பக்க அறையில் நைனாவின் பழைய வலைகள் கூரைவரை அடுக்கிக் கிடக்கும். மூலையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். ரெக்கார்டிங் அறையில் எதிரொலி இருக்கக்கூடாது, சுவரில் பஞ்சு ஒட்டு என்று இணையத்தில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் அறையில் கைதட்டிப் பாருங்கள், கைதட்டியதே தெரியாது. அவ்வளவு சத்தத்தையும் வலை தின்றுவிடும். வாடைதான் கொஞ்சம். சென்னையிலிருந்து பாட வந்த ஒருவர் இரண்டு சரணத்துக்கு நடுவில் வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தார்.

என்ன பதிவு செய்கிறேன் என்றால், பெரும்பாலும் மீன் கூவல். வண்டியில் மீன் விற்கிறவர்கள் இப்போது தொண்டை கிழியக் கத்துவதில்லை. முன்னால் ஒரு சின்னக் குழாயைக் கட்டிப் பதிவு செய்த குரலை ஓடவிடுகிறார்கள். அந்தக் குரல் நான். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை தெருத்தெருவாக, "நண்டேய், ஏரி நண்டேய்! காலு ஆடுது வந்து பாரு! இறா கீது, கெழங்கா கீது, சட்டி எடுத்துனு ஓடியா!" என்று கூவிக்கொண்டு போகிறவள் நான்தான். அது போக சாமி பாட்டு, சாவு அறிவிப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா.

தொழில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு குறையைத் தவிர. பதிவைக் கேட்டுப் பார்க்க நான் வைத்திருந்தது பழவேற்காட்டு மைக்செட் பாய் செய்துகொடுத்த பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும். பெட்டி என் இடுப்பு உயரம். ஆம்ப்ளிஃபயரில் ஏகப்பட்ட குமிழ், பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. அதில் எதைப் போட்டாலும் இடி இடிக்கும். அதைக் கேட்டு, ஐயோ இடி அதிகம் என்று நான் குறைப்பேன். குறைத்ததை வியாபாரி வண்டியில் போட்டால் சளிப் பிடித்த கொசு மாதிரி வரும். ஒரு நண்டு வியாபாரி வந்து, "அக்கா, ஒன் குரல கேட்டு எவனும் நண்டு வாங்க வரல. ஒடம்பு சரியில்லியானு ரெண்டு பேரு என்ன விசாரிச்சிட்டு போறாங்கோ" என்றார். அவமானமாகப் போய்விட்டது.

பெட்டி பொய் சொல்கிறது, அதை நம்பி நான் ஏமாறுகிறேன் என்று புரிந்தது. இனிப்பும் காரமும் கூட்டாமல் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஸ்பீக்கர் வேண்டும். அப்படி ஒரு ரகம் இருக்கிறது, மானிட்டர் என்கிறார்கள். சின்னதாக இருக்கும், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடங்கியிருக்கும், மேஜையில் இரண்டு பக்கமும் வைத்து நடுவில் நாம் உட்கார்ந்தால் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கும். வாங்குவதற்கு முன் மரியாதைக்கு பாயிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அதுதான் தப்பு.

"ஆம்ப்ளிஃபயர் உள்ளயேவா?" பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமா பேசற? புருசன் பொஞ்சாதிய ஒரே பொட்டிக்குள்ள போட்டு பூட்டி வெச்சா இன்னா ஆவும்? சூடு ஏறிடும். ஒண்ணு பூட்சின்னா இன்னொண்ணயும் தூக்கி போட வேண்டிதுதான். தனித்தனியா இருக்கறதுதான் உஷாரு."

"பாய், எனக்கு இருக்கிறது சின்ன ரூமு. உன் பொட்டி கல்யாண மண்டபத்துக்குச் சரி."

"ரூமு சின்னதுனா சத்தமும் சின்னதா இருக்கணுமா? நல்லா கீதே நியாயம். இந்த ஏரி உப்புக்காத்துல அந்த மாதிரி பொம்ம ஸ்பீக்கர்லாம் ஒரு மழக்காலம் தாங்காது. என் பொட்டி பாரு, வெள்ளத்துல மெதந்துட்டு வந்து பாடிச்சி."

அது உண்மை. அந்தப் பெட்டி வெள்ளத்தில் மிதந்து வந்து பாடியது. அதற்கப்புறம் அது பாடுவது எல்லாமே தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலத்தான் இருக்கும், அதை மட்டும் பாய் ஒத்துக்கொள்ளவே மாட்டார். உப்புக்காற்று விஷயத்தில் அவர் சொன்னது சரி. வேலை முடிந்ததும் துணி போட்டு மூடிவைக்கிறேன் என்று மனதில் குறித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் ஒரு ஜோடியை வரவழைத்தேன். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தது.

எங்கள் ஊருக்கு ஒரு பார்சல் வந்து அது ஒருவருக்கும் தெரியாமல் இருக்கமுடியுமா? நான் பிரிப்பதற்குள் பாதித் தெரு வாசலில் நின்றது. இரண்டு கறுப்புப் பெட்டி, ஒவ்வொன்றும் பால் சட்டி உயரம். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு அண்ணி, "குட்டிங்களா? அம்மா எங்க, அப்பால வருதா?" என்று கேட்டாள். சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் ஓடியது. பாய் எப்படியோ சேதி தெரிந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். குனிந்து பார்த்துவிட்டு, ஒரு குழந்தையைத் தடவுவது போல இரண்டையும் தடவிக்கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்து ஏரியில் தள்ளலாம் போல இருந்தது.

நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பார்த்தார். "ஏரில வெச்சி பாத்துடலாம்" என்றார்.

"நைனா, இது ஏரிக்கு இல்ல. மேஜைல வெச்சி பக்கத்துல குந்தி கேக்கறது!" என்று கத்தினேன்.

"பக்கத்துல குந்தி கேக்கறதுக்கு ஸ்பீக்கர் எதுக்கு? வாயே போதுமே!"

கூட்டம் கைதட்டியது. நைனா சொல்லிவிட்டார், ஏரிச் சோதனையில் தேறாவிட்டால் இரண்டும் வந்த வழியே போகவேண்டும், பாயின் பெட்டிதான் வீட்டில் இருக்கவேண்டும். வீடு அவருடையது, வலை ரூம் அவருடையது. பின்னால் நின்ற அம்மா என் காதருகே, "அந்த பொட்டிக்கு குடுக்கற மரியாதில ஒரு துளி எனக்கு குடுத்திருந்தா நான் ஏன் நாளிக்கு கெளம்பறேன்" என்றாள். நாளைக் காலை முதல் பஸ் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கரையில் மீன் கூடைகளைக் கவிழ்த்து மேலே ஸ்பீக்கர்களை வைத்தோம். வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். சத்தத்தைக் கூட்டும் வேலையை பாயிடம் கொடுத்தேன், ஒலி விஷயத்தில் மனிதர் ஏமாற்றமாட்டார். என் நண்டுக் கூவலைத்தான் ஓடவிட்டோம். படகில் நைனா முன்னால் நின்றார். நான் வேறு யாரையும் நம்பாமல் பின்னால் நின்று கழி ஊன்றினேன். காற்றே இல்லை. ஏரி தகடு போலக் கிடந்தது.

முதல் வரிசை வலைக் குச்சிகளைக்கூடத் தாண்டவில்லை, நைனா துண்டை உயர்த்திவிட்டார்.

கரையில் ஊளை, விசில். எனக்கோ கூவல் அட்சர சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "காலு ஆடுது" என்பதற்கு முன்னால் நான் இழுத்த மூச்சுகூடக் கேட்டது. "நைனா, எனக்கு நல்லா கேக்குதே" என்றேன், கூவல் காதில் விழவேண்டுமே என்று மெல்ல. அவர் திரும்பவில்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். "நைனா" என்றேன் மறுபடியும். முதுகு அசையவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மீனவனிடம் எதைச் சொன்னால் செத்துக்கிடந்தாலும் எழுந்து உட்காருவானோ அதைச் சொல்லிப் பார்த்தேன். அதே மெல்லிய குரலில், முதுகுக்குப் பின்னால், "நைனா, ஒன் புது வலைய எலி கடிச்சிடுச்சி. நடுவுல ஆள் போற அளவு ஓட்ட" என்றேன்.

அவர் அதே சிரிப்போடு நின்றார்.

அடப்பாவி மனுஷா! கத்திப் பேசுகிற ஊரில் காது மந்தமானவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரே அவரிடம் கத்துகிறது, அவருக்குக் கேட்கிறது. நான் கத்துகிறேன், கேட்கிறது. டிவி ஊர் வழக்கப்படி அலறுகிறது. போன் வந்தால், "போன்ல பேசறது மருவாத இல்ல, நீ பேசு" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். பெரிய மனிதத்தனம் என்று நானே மெச்சியிருக்கிறேன். அவர் காதில் விழாத குரல் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் அம்மாவுடையது.

"ஒனக்கு காது கேக்கலியா" என்று அங்கேயே கத்திக் கேட்டிருப்பேன். ஆனால் காற்றில்லாத ஏரியில் அவருக்குக் கேட்கும்படி பேசினால் கரை முழுக்கக் கேட்கும். அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கழியைப் போட்டுவிட்டு, படகு ஆட ஆட முன்னால் போனேன். அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, காதில் வாயை வைத்துக் கேட்டேன்.

நைனா தண்ணீரைப் பார்த்தார். பிறகு அவரும் என் காதில் வாயை வைத்து, "எஞ்சின் பக்கத்துலயே குந்தினு போன காது. கொஞ்சம் கொஞ்சமா பூட்ச்சி. யார்கிட்டயும் சொல்லாத" என்றார். கரையில் இருந்தவர்களுக்கு நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுவதுபோலத் தெரிந்திருக்கிறது. ஸ்பீக்கர் போனதற்கு இவ்வளவு துக்கமா என்று பாய் அப்புறம் என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார்.

"அம்மா பேசறது கேக்குதா?"

"வாய் அசையறது தெரியும். திட்டறாளா, சோத்துக்கு கூப்புடறாளா, தெரியாது. ரெண்டுத்துக்கும் தலைய ஆட்டினா தப்பில்லனு ஆட்டிடுவேன்."

"போன வாரம் அம்மா ஆரம்பாக்கம் போறேன், திரும்ப வரமாட்டேன்னு சொன்னா. அதுக்கும் ஆட்டினியாமே. நாளிக்கு காலில மொத பஸ்ஸு."

நைனாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒருமுறை முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து வந்தபோதுகூட அந்த முகம் இல்லை. "போறாளா?" என்றார். "நான் எறா கொழம்பு வெக்கட்டுமானு கேக்கறானு நெனச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன். "போய் ஏன் போறன்னு கேளு நைனா" என்றேன்.

"கேட்டா பதில் சொல்லுவா. அது காதுல வுழணுமே. வுழலன்னா மறுபடியும் தலையத்தான் ஆட்டணும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்மே. செவுட்டு கெழவனுக்கு வாக்கப்பட்டேன்னு நெனச்சிடுவா."

சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவரைப் போலவே தலையை மட்டும் ஆட்டினேன்.

கரைக்கு வந்ததும் தீர்ப்பு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப்பட்டது. சத்தம் பத்தல, திருப்பி அனுப்பு. எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் என் முதுகில் தட்டினார்கள்! நல்ல ஸ்பீக்கரைக் கெட்டது என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் வாயைத் திறந்தால் நைனாவின் மானம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரைச் சுருட்டினேன். அன்று ராத்திரி நான் யாருக்கும் குழம்பு ஊற்றவில்லை, அவரவரே ஊற்றிக்கொண்டார்கள்.

விடிந்ததும் அம்மா பையைக் கட்டிவைத்துவிட்டாள். சின்னம்மாவுக்குக் கருவாடு, இரண்டு புடவை, சாமி படம். நான் அவளை வலை ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரு ஒதவி பண்ணு. மைக்கு சரியா கீதானு பாக்கணும். எதனா பேசு."

"நான் இன்னாத்த பேசறது?"

"நைனா மேல இருக்கிற கோவத்த எல்லாம் பேசு. மனசு ஆறும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிறகு பேசினாள். அவள் குரலுக்குக் கம்ப்யூட்டரில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை, நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, காயப்போட்ட மீனைக் கடைசியாக ஒருமுறை புரட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். நான் ஓடிப்போய் நைனாவை இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். காது உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், கை நீட்டினால் எட்டுகிற தூரம். நேற்று கூடைமேல் இருந்த அதே பெட்டிகள். "திருப்பி அனுப்பலியா" என்று கேட்டார். "கம்முனு குந்து" என்று கத்திவிட்டு ஓடவிட்டேன்.

முதலில் வளையல் சத்தம் வந்தது. நைனா திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அப்புறம் அம்மாவின் குரல், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சரியாக நடுவில், அவர் முகத்துக்கு எதிரில் நின்று பேசியது.

"இன்னா சொல்றது… மொதல்லலாம் நான் ஒண்ணு சொன்னா அவரு ஒம்பது சொல்லுவாரு. கொழம்புல உப்பு தூக்கலா கீதுனு ஊர கூட்டுவாரு. போன மாசம் வேணும்னே உப்பே போடாம வெச்சேன். கம்முனு துன்னுட்டு எழுந்து பூட்டாரு. சண்ட போடறதுக்கு கூட நான் ஆவல… போவாதன்னு அவரு சொல்ல வேணாம். ஏன் போறனு ஒரு வார்த்த கேட்டா போதும். கேட்டா, பைய அவுத்து வெச்சிடுவேன்."

நைனா இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றி ஸ்பீக்கருக்கு நடுவில் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் இடதுபக்கப் பெட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்.

"உப்பு இல்லனு தெரியும்மே. சொன்னா நீ பதில் சொல்லுவ. அது எனக்கு கேக்காதே, அதுக்குத்தான் கம்முனு துன்னேன்." தொண்டையைச் செருமினார். "ஏன்மே போற?"

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மீன் செதில், கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. "நான் எங்கயும் போவலீங்க" என்றாள் அவள் வழக்கமான குரலில். நைனா திரும்பவில்லை. "போவலீங்க" என்றாள் இன்னொரு முறை. நைனா வலதுபக்கப் பெட்டியைப் பார்த்து, "சொல்லுமே" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் இரண்டு வருடத்துக் கணக்கும் ஒன்றாக ஓடியது. பிறகு, நாங்கள் யாரும் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு சத்தம் எங்கள் அம்மாவின் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"நான் போவலய்யா!"

வலை ரூமின் அத்தனை வலைகளாலும் அந்தச் சத்தத்தைத் தின்னமுடியவில்லை. அண்ணிகள் ஓடிவந்தார்கள். எதிர்வீட்டில் பாத்திரம் விழுந்தது. நைனா நாற்காலியோடு திரும்பிப் பார்த்தார். மீன் செதில் ஒட்டிய கையோடு நெஞ்சு ஏறியிறங்க நின்ற அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இன்னாத்துக்குமே கத்தற?" என்றார். "இங்கதான கீறேன்."